செத்தவீட்டில் இசை வேண்டாம் என்றவருக்கு

மதாம்,

இன்று சனிக்கிழமை. காலையில் கடைக்குப் போக இறங்கியபோது உங்கள் கதவுப் பிடியில் அந்த மட்டை தொங்கிக்கொண்டிருந்தது. 'இந்த வாரம் படி கழுவுவது உங்கள் முறை' என்று எழுதிய அதே பழைய மட்டை. முதலாம் மாடிக் கிழவர் தன் முறையை முடித்துவிட்டு, பழக்கதோஷத்தில் கொண்டுவந்து உங்கள் கதவில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். அந்தக் கதவில் இப்போது உங்கள் பெயர்த் தகடு இல்லை. அது இருந்த இடத்தில் இரண்டு திருகாணி ஓட்டைகள்தான் இருக்கின்றன.

நான் கடைக்குப் போகவில்லை. மேலே ஏறிப் போய் வாளியும் தும்புத்தடியும் எடுத்துவந்து உங்கள் பங்குப் படியைக் கழுவினேன். எலுமிச்சை மணக்கிற அந்தச் சோப்புத் தண்ணீரின் வாசம் எழும்பியதும் தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு ஈரப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் படி கழுவுகிற அழகு இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நடுவில் மட்டும் துடைத்துவிட்டு ஓரத்துத் தூசியை அப்படியே விட்டுவிடுவீர்கள். அடுத்த வாரம் நான்தான் அதையும் சேர்த்துக் கழுவுவேன்.

அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. எனக்கோ ஜேர்மனில் அலுவலகங்களுக்கு டெர்மின், அதாவது சந்திப்பு நேரம், கேட்டு எழுதத் தெரியுமே தவிர மனதில் உள்ளதை எழுதத் தெரியாது. இருவருக்கும் சொந்தமில்லாத ஒரு மொழியில் இருபத்திரண்டு வருடம் கதைத்தோம். இந்த ஒரு தடவை என் மொழியில் கதைக்க விடுங்கள். உங்கள் பேச்சும் என் காதில் எப்போதோ எங்கள் மன்னார்த் தமிழாக மாறிவிட்டது. அதை அப்படியே எழுதுகிறேன்.

நாங்கள் எசன் நகரத்தில் இந்த வீட்டின் மூன்றாம் மாடிக்குக் குடிவந்த முதல் மாதம் ஞாபகம் இருக்கிறதா? கீழே உங்கள் பியானோ. ஒரே நாலு சுரம். திரும்பத் திரும்ப அதே நாலு சுரம். பதினொரு நாள் பொறுத்தேன். பன்னிரண்டாம் நாள் முதியோர் இல்லச் சமையலறையில் வேலை முடித்துக் களைத்து வந்தவள், செருப்பைக் கூடக் கழற்றாமல் உங்கள் மணியை அடித்தேன்.

"மதாம், அந்தப் பாட்டை ஒருக்காலாவது முழுக்க வாசிச்சு முடியுங்கோவன். எனக்குத் தலை வெடிக்குது" என்றேன். பரிஸில் இருக்கிற சொந்தக்காரரிடம் பழகிய 'மதாம்' அது. பெயர்ப் பலகையில் பிரெஞ்சுப் பெயரைப் பார்த்துவிட்டுத் துணிந்து சொன்னேன்.

நீங்கள் கோபிக்கவில்லை. "அது இன்னும் இல்லையே. இல்லாததை எப்பிடி முடிக்கிறது?" என்று கேட்டு, கதவை அகலத் திறந்தீர்கள்.

உள்ளே நான் முதலில் கண்டது இஸ்திரிப் பலகை. அதை உயர்த்தி வைத்து, அதன் மேல் பெரிய கோடு போட்ட தாள்களை விரித்து, நின்றுகொண்டு பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தீர்கள். முதுகு வலியாம், இருந்து எழுத ஏலாதாம். நான் வீட்டுக்கு வந்து என் கணவரிடம், கீழே இருக்கிற மனுசி தாளுக்கு இஸ்திரி போடுகிறாள் என்றேன். மறுநாள் நீங்கள் இசையமைப்பாளர் என்று தெரிந்தபோது அவர், "எந்தப் படத்துக்கு?" என்றுதான் கேட்டார்.

படம் ஒன்றுமில்லை. வயலின்காரர்களுக்கும் செலோக்காரர்களுக்கும் பாடகர் குழுக்களுக்கும் எழுதினீர்கள். பிரான்சின் வடக்கே ஒரு நிலக்கரி ஊரில் சுரங்கத் தொழிலாளியின் மகளாகப் பிறந்து, கோயில் ஆர்மோனியத்தில் கை பழகி, படிக்க இன்னொரு நிலக்கரி ஊரான எசனுக்கு வந்தீர்கள். இங்கே ஓபோ என்ற குழல் வாசிக்கிற ஒருவரைக் கட்டி இங்கேயே நின்றுவிட்டீர்கள். "ஒரு கரிமலையைப் பாத்துக்கொண்டு வளந்தன். இன்னொரு கரிமலைக்குக் கீழ வந்து குந்திப்போட்டன்" என்பீர்கள். பிரான்சில் உங்களை ஜேர்மன்காரி என்றார்கள், இங்கே பிரெஞ்சுக்காரி என்றார்கள். இரண்டு பக்கமும் உங்கள் இசையை வாசிக்க வருடக்கணக்காக யோசித்தார்கள். அது எனக்கு நன்றாக விளங்கியது. ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கிய நாள் தொடக்கம் நானும் இரண்டு பக்கமும் யோசிக்கப்படுகிறவள்தானே.

அறுபது வயதுக்குப் பிறகுதான் உங்களைத் தேடி வானொலிக்காரரும் பத்திரிகைக்காரரும் வந்தார்கள். வந்தவர்களில் ஒருவர் இஸ்திரிப் பலகையைப் படம் பிடித்துப் பெரிதாகப் போட்டுவிட்டார். உங்களுக்கு வந்த கோபம்! "நாப்பது வருசம் எழுதியிருக்கிறன். சனத்துக்கு ஞாபகம் நிக்கப் போறது இந்தப் பலகை" என்று பத்திரிகையைச் சுருட்டி எறிந்தீர்கள். நான் அதை எடுத்து நீவி வைத்துக்கொண்டேன். இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது, கோபிக்க வேண்டாம்.

உங்கள் கச்சேரி ஒன்றுக்கு முதன்முதலாகக் கூட்டிக்கொண்டு போனீர்கள். முடிந்ததும் எப்படி என்று கேட்டீர்கள். எனக்குப் பொய் சொல்ல வராது. "குசினியில ஆரோ சாமான் ஒதுக்கிற மாதிரி இருந்தது" என்றேன். நீங்கள் நின்று, "எந்தச் சாமான்? அலுமினியமோ, சட்டியோ?" என்று கேட்டீர்கள். கிண்டலாக இல்லை, உண்மையாகவே அறியக் கேட்டீர்கள். ட்ராமில் வரும் வழி முழுக்க எந்த இடத்தில் அலுமினியம், எந்த இடத்தில் மண்சட்டி என்று சொல்லிக்கொண்டு வந்தேன். அன்றைக்குத்தான் உங்களை எனக்குப் பிடித்துப்போனது.

மௌனத்தை நீங்கள் நடந்து அளப்பீர்கள். கழுத்தில் ஓட்டப்பந்தயக் கடிகாரம் ஒன்று தொங்கும். குசினியிலிருந்து ஜன்னல்வரை இத்தனை விநாடி, ஜன்னலிலிருந்து கதவுவரை இத்தனை விநாடி என்று கணக்கு. ஒரு இடத்தில் வாத்தியங்கள் எவ்வளவு நேரம் பேசாமல் நிற்க வேண்டும் என்பதை அப்படி நடந்து நடந்துதான் முடிவெடுப்பீர்கள். மேலே எனக்குக் காலடி கேட்கும். சத்தம் நின்றால், முடிவுக்கு வந்துவிட்டீர்கள் என்று அறிந்துகொள்வேன்.

பிறகு அந்தப் பெரிய வெள்ளி வந்தது.

நான் கறுப்புச் சேலையுடன் படியிறங்கியதைக் கண்டு எங்கே போகிறேன் என்று கேட்டீர்கள். ஜேர்மன் பங்கின் வழிபாடு முடிந்த பிறகு, அதே கோயிலைத் தமிழ்க் கத்தோலிக்கருக்குத் தருவார்கள் என்றேன். வரலாமா என்றீர்கள். வாருங்கோ என்றேன். யேசுவின் உடல் சுரூபத்தைப் பீடத்துக்கு முன்னால் வளர்த்தி, பெண்கள் நாங்கள் சுற்றி நிலத்தில் இருந்தோம். மாதாவின் இடத்தில் நின்று ஒப்பாரி எடுத்தது நான். அம்மா மன்னாரில் வருடா வருடம் எடுத்ததைக் கேட்டுக் கேட்டு என் தொண்டையில் நின்றுவிட்ட அழுகை அது.

முடிந்து திரும்பிப் பார்த்தபோது நீங்கள் கடைசி வாங்கில் எழுந்து நின்றுகொண்டிருந்தீர்கள். மற்ற எல்லோரும் இருந்தார்கள்.  உங்கள் கதவடியில்தான் வாய் திறந்தீர்கள்.

"ஜெசிந்தா, நான் வாழ்க்கையில கேட்ட இசையில இது..."

"இது இசை இல்லை மதாம். அழுகை."

"எல்லாம் இசைதான்."

"அப்பிடியெண்டால் நீங்கள் அழுகையைக் கேட்டதில்லை."

கடுமையாகத்தான் சொல்லிவிட்டேன். ஆனால் அந்த வழக்கு அன்று தொடங்கியதுதான். தேத்தண்ணீர் குடிக்கும்போதும் தபால் எடுக்கும்போதும் அதையே பிடித்துக்கொண்டு நின்றோம். சுருதி இருக்கிறது, தாளம் இருக்கிறது, ஒரு அடி முடிகிற இடத்தில் எல்லோரும் சேர்ந்து விழுகிறீர்கள், பிறகு எப்படி இசை இல்லை என்பீர்கள். பிள்ளை பசிக்கு அழும்போதும் சுருதி இருக்கும், அதற்குக் கைதட்டுவீர்களோ என்பேன்.

அடுத்த வருடம் உங்களுக்குப் பெரிய வேலை ஒன்று வந்தது. சுரங்கங்களில் இறந்தவர்களை நினைத்து, ஒரு தேவாலயத்தில் வாசிக்க, வாத்தியங்களுக்கும் பாடகர் குழுவுக்குமாக ஒரு மணி நேர இசை. அதன் நடுவில் நான் ஒப்பாரி சொல்ல வேண்டுமென்றீர்கள். ஏலாது என்றேன். ஒரு வருடம் கேட்டீர்கள், ஒரு வருடமும் ஏலாது என்றேன்.

காரணம் இதுதான். தவக்காலத்துக்கு வெளியே, வீட்டில் பிரேதம் கிடந்தாலொழிய, நாங்கள் ஒப்பாரியை வாயில் எடுப்பதில்லை. பழகிப் பார்ப்பதும் இல்லை. சும்மா இருக்கிற வீட்டில் அதைச் சொன்னால், வா என்று சாவைக் கூப்பிடுவதாகும். நீங்களோ மூன்று ஒத்திகை வைக்காமல் ஒரு மணியைக்கூட அடிக்க விடாதவர்.

ஆனால் அது பாதிக் காரணம். மீதியை உங்கள் குசினியில் ஒரு பின்னேரம் சொன்னேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. அகதிகள் விடுதியில் ஒரு அறையில் மூன்று குடும்பம் இருந்தோம். ஊர்ச் சுவாமியார் எப்படியோ இலக்கம் எடுத்து விடுதித் தொலைபேசிக்கு அழைத்தார். அம்மா போய்விட்டா, அடக்கம் முடிந்துவிட்டது, எட்டாம் நாள் பூசையும் முடிந்துவிட்டது என்றார். காலை எட்டு மணி. பத்து மணிக்கு எனக்கு அந்நியர் அலுவலகத்தில் டெர்மின். போகாவிட்டால் இருக்கிற ஒரு துண்டுக் காகிதமும் போய்விடும். முகத்தைக் கழுவிக்கொண்டு போனேன். அங்கே தந்த படிவத்தில் கேள்வி: தாய், உயிருடன் இருக்கிறாரா, இறந்துவிட்டாரா? இறந்துவிட்டார் என்றால் அதற்குச் சான்றிதழ் கேட்பார்கள். சண்டை நடந்த அந்த நாளில் மன்னாரிலிருந்து சான்றிதழ் எடுப்பதா? உயிருடன் என்ற பெட்டியில் புள்ளடி போட்டேன்.

பிறகு வந்த ஒவ்வொரு படிவத்திலும் அப்படியே போட்டேன். ஒன்றுக்கொன்று மாறினால் விசாரணை வரும் என்ற பயம். விடுதியில் வாய்விட்டு அழவும் இடமில்லை. துவாயைக் கடித்துக்கொண்டு ஒரு மூச்சு அழுதேன், அவ்வளவுதான். ஊரெல்லாம் கேட்க மாதாவுக்காக ஒப்பாரி சொன்னவளின் சவப்பெட்டியடியில், அவள் பெற்ற ஒரே பெண்பிள்ளை இல்லை. பெண்பிள்ளையின் அழுகை கேட்காமல் போகிற உயிர் வாசலைத் தாண்டாது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அதை நான் நம்புகிறேனா என்று கேட்டீர்கள். நம்பவில்லை என்றேன். ஆனால் நினைக்காத நாள் இல்லை என்றேன்.

நீங்கள் என்னைத் தேற்றவில்லை. ஏற்கெனவே கழுவி வைத்திருந்த கோப்பையை எடுத்து மறுபடி கழுவினீர்கள். பிறகு எனக்கு முதுகு காட்டிக்கொண்டு சொன்னீர்கள்: "என்ர பெரியப்பா சுரங்கத்துக்க போனவர் திரும்பி வரேல்லை. எங்கட வீட்டில ஒரு சத்தம் கேக்கேல்லை. அடுத்த நாள் அப்பா அதே சுரங்கத்துக்கு வேலைக்குப் போனவர்."

அன்று நாங்கள் இசையா அழுகையா என்று வாதாடவில்லை.

இரண்டு கிழமை கழித்து மேலே ஏறி வந்தீர்கள். கையில் தாள்கள். நடுவில் ஒரு பக்கத்தில் எல்லா வாத்தியங்களும் நின்றுவிடுகின்றன. அதன் கீழே பென்சிலால்: 'இங்கே ஜெசிந்தா. எவ்வளவு நேரம் என்று எவருக்கும் தெரியாது. காத்திருக்கவும்.'

"ஒத்திகை இல்லை. ஒருக்காவும் இல்லை. எல்லாரும் செத்தவைக்காக வந்து இருக்கிற நாளில மட்டும். அப்ப சரிதானே?" என்றீர்கள்.

விநாடிக் கணக்கில் மௌனத்தை அளக்கிற உங்களுக்கு அப்படி எழுத எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஓம் என்றேன். இசைக்குழுவை நடத்துகிறவர் ஒத்திகையில் துள்ளிக் குதித்தாராம். 'தெரியாத ஒன்றுக்கு நான் எப்படிக் கை காட்டுவது' என்றாராம். காட்ட வேண்டாம், கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள் என்றீர்களாம்.

அந்த நாளும் வந்தது. தேவாலயம் நிறையச் சனம். பழைய சுரங்கத் தொழிலாளர்கள் முன் வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். வயலின்கள் ஒவ்வொன்றாக நின்றன. நான் எழுந்தேன். வாயைத் திறந்தேன்.

ஒன்றும் வரவில்லை.

மூச்சு வந்தது, சத்தம் வரவில்லை. இரண்டாம் வரிசையில் உங்கள் முகம் தெரிந்தது. எனக்காக நீங்கள் மூச்சு எடுத்துப் பார்த்ததும் தெரிந்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. கடைசியில் நடத்துகிறவர் கையை உயர்த்தினார், வாத்தியங்கள் மறுபடி தொடங்கின, நான் இருந்தேன்.

சனம் எழும்பி நின்று கைதட்டியது. அது அப்படித்தான் எழுதப்பட்டது என்று நினைத்துவிட்டார்கள். மறுநாள் பத்திரிகை அந்த மௌனத்தைத்தான் தூக்கிப் பிடித்தது. பாட வந்தவள் வாயடைத்து நிற்பதைவிடத் துக்கத்தைச் சொல்ல வேறு வழியுண்டா என்று ஒரு பந்தி. நீங்கள் அந்தத் துண்டை வெட்டி, குறுக்கே சிவப்பில் 'பொய்' என்று எழுதி, என் கதவின் கீழால் தள்ளிவிட்டுப் போனீர்கள்.

உங்களைப் படியில் பிடித்துக்கொண்டேன். நீங்கள் மேல் படியில், நான் கீழ்ப் படியில்.

"என்னை ஏமாத்திப் போட்டீங்கள்" என்றீர்கள். "எல்லாத்தையும் உங்களுக்காக நிப்பாட்டி வைச்சன்."

"செத்தது ஆர் மதாம்? பேர் தெரியாது, முகம் தெரியாது. கிடத்தின ஆள் இல்லாமல் எப்பிடி அழுறது?"

"பெரிய வெள்ளியில அழுறீங்கள்தானே."

"அதில ஆள் கிடக்குது."

உங்களுக்கு அது காதில் ஏறவில்லை. ஆறு மாதம் கதைக்கவில்லை. உங்கள் முறை முடிந்தால் மட்டையைச் சத்தமில்லாமல் என் கதவில் மாட்டிவிட்டுப் போனீர்கள். எனக்கும் வீம்பு. ஆனால் உள்ளே வேறு ஒன்று அரித்துக்கொண்டிருந்தது. அம்மாவின் அழுகை என் தொண்டையில் செத்துவிட்டதோ என்ற பயம். அடுத்த பெரிய வெள்ளிக்கு, சளி என்று சொல்லி இன்னொருத்தியை எடுக்கச் சொன்னேன்.

பிறகு நீங்களாகவே வந்து மணியடித்தீர்கள். உள்ளே வந்து இருக்கவும் இல்லை. "ஜெசிந்தா, வயித்துக்க ஒண்டு வளருதாம். வெட்டினாலும் வளருமாம்" என்றீர்கள், தபால் வந்ததைச் சொல்கிற மாதிரி.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் இருந்தீர்கள். வேலை முடிந்து வந்து கஞ்சி கொண்டுவருவேன். உப்புப் பார்த்துவிட்டு, நேற்றையதைவிட அரை சுரம் கீழே என்பீர்கள். நின்று எழுத ஏலாமல் போனதும் இஸ்திரிப் பலகையைக் கதிரையில் இருந்து எழுதுகிற உயரத்துக்கு இறக்கித் தந்தது நான்தான். அதன் முன்னால் இருந்துகொண்டு நாலு வாத்தியத்துக்கான கடைசி இசையை எழுதி முடித்தீர்கள். சுரங்க இசையை வேறு நகரங்களிலும் வாசித்தார்கள். அந்த இடத்தில் எவளும் பாடுவதில்லை, எல்லோரும் சும்மா நிற்கிறார்கள், அச்சுப் புத்தகத்திலும் அப்படியே வந்துவிட்டது. நீங்கள் பொய் என்று எழுதியதைத்தான் உலகம் உங்கள் சிறந்த இசை என்கிறது. அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள்.

ஒருநாள் உங்கள் மரண சாசனத்தை எழுதி வைத்துவிட்டதாகச் சொன்னீர்கள். "என்ர செத்தவீட்டில இசை வேண்டாம். ஒரு சுரமும் வேண்டாம் எண்டு எழுதியிருக்கிறன்."

நான் திகைத்துப் போனேன். உங்கள் இசையை வாசித்து அனுப்பத்தானே அவ்வளவு பேரும் வருவார்கள் என்றேன்.

"அவருக்கு வாசிச்சினம்" என்றீர்கள். உங்கள் கணவரைச் சொன்னீர்கள். "அவற்ர கூட்டாளிமார் எல்லாரும் வந்து வாசிச்சினம். ரெண்டாவது வயலின் சுருதி கொஞ்சம் கீழ நிண்டது. முழு நேரமும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தன். அவரைக் குழிக்குள்ள இறக்கினது எனக்கு ஞாபகம் இல்லை, ஜெசிந்தா. வயலின்தான் ஞாபகம்."

அப்போது கேட்டிருக்க வேண்டும். என்னுடையது உங்கள் கணக்கில் இசையா, அழுகையா என்று. நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. இசை என்று சொல்லியிருந்தால் என் வாயை நீங்களே கட்டியதாகும். அழுகை என்று ஒப்புக்கொண்டிருந்தால் நான் அழுதே ஆக வேண்டும். உங்கள் பெட்டிக்கு முன்னாலும் வாயைத் திறந்து, ஒன்றும் வராமல் போனால்? அம்மாவுக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை என்றால் நான் யாருக்குப் பெண்பிள்ளை? அந்தப் பயத்தில் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மேலே வந்துவிட்டேன்.

கோடை முடிகிற சமயம் போய்விட்டீர்கள்.

சவக்காலையில் நூறு பேருக்கு மேல் நின்றார்கள். பாதிப் பேர் வாத்தியக்காரர், வாத்தியம் இல்லாமல் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்கள். பிரான்சிலிருந்து உங்கள் தம்பி வந்திருந்தார், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சுவாமியார் கொஞ்சமாகப் பேசினார். பெட்டியை இறக்கினார்கள். கயிறு உரசுகிற சத்தம்கூடக் கேட்டது. அதன் பிறகு நீங்கள் கேட்டபடி ஒன்றுமில்லை. ஒவ்வொருவராக வந்து சின்ன மண்கரண்டியால் மண் போட்டார்கள்.

என் முறை வந்தது. மண்ணை அள்ளினேன். உங்கள் சொல்லைக் காப்பாற்றுவது, பேசாமல் போட்டுவிட்டு நகர்வது என்று முடிவெடுத்துத்தான் வந்திருந்தேன். மண் பெட்டியில் விழுந்த சத்தம் கேட்டது. கீழே கிடக்கிறது ஆள், முகம் தெரிந்த ஆள், படியின் ஓரத்தைத் துடைக்காத ஆள் என்று பட்டது. அவ்வளவுதான். வாய் திறந்துவிட்டது.

"கரிமலையில் பிறந்தவளே, கரிமலையில் படுத்தாயோ,
காத்திருக்கச் சொல்லிவிட்டுக் காணாமல் போனாயோ..."

இருபத்திரண்டு வருடம் 'நீங்கள்' என்று பேசியவள், அன்று உங்களை 'நீ' என்றேன். ஒப்பாரியில் மரியாதை பார்ப்பதில்லை. நெஞ்சில் அடித்துக்கொண்டேன். கறுப்புக் கோட்டுப் போட்ட அடக்க நிறுவனத்து ஆள், இசை வேண்டாம் என்று அவருக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்போலும், என்னைத் தடுக்க இரண்டு அடி வைத்தார். உங்கள் தம்பி அவருடைய கையைப் பிடித்தார். தனக்குத் தெரிந்த அரைகுறை ஜேர்மனில் சொன்னார்:

"விடுங்கோ. அவ அழுறா."

இசை தெரியாத உங்கள் தம்பி, வழக்கைத் தீர்த்துவிட்டார், மதாம். அத்தனை வாத்தியக்காரர் நடுவே அவர் ஒருவருக்குத்தான் அது தெரிந்தது.

இனி நான் ஒளிக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. எங்கள் ஊரில் ஒரு செத்தவீட்டுக்கு வருகிற பெண்கள், கிடத்தியிருக்கிறவரை மட்டும் சொல்லி அழுவதில்லை. தங்கள் தங்கள் வீட்டில் போனவர்களும் அந்த அழுகைக்குள் வந்துவிடுவார்கள். மூன்றாவது அடியோ நாலாவது அடியோ, நான் நினைக்காமலே அது திரும்பிவிட்டது.

"கடலுக்கு அங்காலே கண்மூடிப் போனாயே, என்ர அம்மா,
காகிதத்தில் உன்னை நான் சாகாமல் வைச்சேனே, என்ர அம்மா..."

அதற்குப் பிறகு நான் உங்களை அழவில்லை. உங்கள் குழிக்கு முன்னால் நின்று முழுக்க முழுக்க அவளைத்தான் அழுதேன். முழங்காலில் விழுந்ததும், என் கணவர் தூக்கியதும் ஞாபகம் இருக்கிறது. உங்களிடம் கேட்காமல் உங்கள் குழியில் என் அம்மாவையும் அடக்கம் பண்ணிவிட்டேன். உங்களுக்குக் கோபம் வந்திருக்குமோ என்று பல நாள் யோசித்தேன்.

பிறகு கோப்பி குடிக்கிற இடத்தில், அன்று தேவாலயத்தில் குழுவை நடத்திய அதே மனிதர் என்னிடம் வந்தார். கண் சிவந்திருந்தது. அந்தப் பாடலை எழுதியது யார் என்று கேட்டார். எவரும் எழுதவில்லை, அது பாடல் இல்லை என்றேன். பாவம், தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

போன மாதம் சகல ஆத்துமாக்கள் திருநாள். பூசையில் வாசிக்க, இறந்தவர்களின் பெயர்களை முன்கூட்டியே எழுதிக் கொடுப்போம். அப்பாவின் பெயரை வருடா வருடம் கொடுப்பேன். அம்மாவின் பெயரை ஒருநாளும் கொடுத்ததில்லை. முதலில் காகிதத்துக்குப் பயந்து கொடுக்கவில்லை, குடியுரிமை கிடைத்த பிறகும் அந்தப் பயம் பழக்கமாகிவிட்டது. என் அம்மா மன்னாரில் இருக்கிறா என்றுதான் இங்கே பலரும் நினைத்திருந்தார்கள். நானும் திருத்தியதில்லை.

இந்த முறை உங்கள் பெயரை எழுதி, அதன் கீழே அம்மாவின் பெயரை எழுதிக் கொடுத்தேன். பட்டியல் எடுக்கிற பங்குச் சபை அண்ணை அதைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார்.

"ஐயோ ஜெசிந்தா, அம்மாவோ? எங்களுக்குச் சொல்லவேயில்லையே. எப்ப நடந்தது?"

"கோடை முடியேக்க, அண்ணை."

"நீங்கள் போகேல்லையோ? அடக்கத்துக்கு நிண்டீங்களோ?"

"ஓம் அண்ணை, நிண்டனான்" என்றேன். "பக்கத்திலயே நிண்டு அழுதனான்."